மழை, பனிக் காலத்தில் காலையில் ஆன் ஆகாத பழைய கம்ப்யூட்டர்கள்: எந்தப் பார்ட் போகிறது?

கொழுந்து22:

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் மூன்று டெஸ்க்டாப். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வருடம் பழசு. நவம்பர் பிறந்தால் மூன்றும் மூன்று விதமாகப் படுத்துகின்றன.

ஒன்றாவது மெஷின்: காலை எட்டு மணிக்குப் பட்டனை அமுக்கினால் ஒரு அசைவும் இருக்காது. ஏழெட்டு தடவை அமுக்கினாலோ, எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை பெட்டியின் பின்பக்க ஓட்டைகளில் இரண்டு நிமிடம் ஹேர் டிரையர் காட்டினாலோ எழுந்துகொள்ளும். அப்புறம் சாயங்காலம் வரை சமர்த்து. ஏப்ரல், மே மாதங்களில் இந்தத் தொல்லையே கிடையாது.

இரண்டாவது: ஃபேன் இரண்டு விநாடி சுற்றி நிற்கும், மறுபடி சுற்றும். நாலைந்து முறை இப்படித் தடுமாறிய பிறகே பூட் ஆகும். கணக்கு சாஃப்ட்வேரில் பெரிய ரிப்போர்ட் போட்டால் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

மூன்றாவது: இலை எடை போடும் மேடையோடு கேபிளில் இணைந்தது. தினமும் தேதி ஆதிகாலத்துக்குப் போய்விடும். பின்பக்கம் இரண்டு யூஎஸ்பி வேலை செய்யாது. மூட்டமான நாட்களில் தானாக அணையும், சில காலையில் தானாகவே ஆன் ஆகியிருக்கும்.

"மலைக் குளிருக்கு எலெக்ட்ரானிக்ஸ் தாங்காது, மூன்றையும் மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள் கடையில். உண்மையா? மல்டிமீட்டர், 60 வாட் சால்டரிங் அயர்ன் இருக்கின்றன. ஃபேக்டரி எலெக்ட்ரீஷியனுக்குச் சால்டரிங் கை பழக்கம்.

மீட்டர்முள்:

குளிர்மேல் பழி போடுவது சுலபம். ஆனால் இதே மெஷின்கள் மலையடிவாரச் சூட்டில், மேட்டுப்பாளையத்தில் இருந்திருந்தால் இந்நேரம் காயலான் கடைக்குப் போயிருக்கும். மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் குட்டி உருளை டப்பியான எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி சூடு குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உறையில் "105 டிகிரி, 2000 மணி நேரம்" என்று இருந்தால், 65 டிகிரியில் அதற்கு 32,000 மணி நேரம் கணக்கு. மலை அதற்கு நல்லதே செய்கிறது.

பிறகு ஏன் குளிரில் மட்டும் தகராறு? அந்த டப்பிக்குள் அலுமினியத் தகடுச் சுருளும், திரவத்தில் ஊறிய காகிதமும் இருக்கின்றன. திரவம் வருடக்கணக்கில் அடி ரப்பர் வழியாக ஆவியாகிப் போகும். அது வற்ற வற்ற சேமிக்கும் அளவான மைக்ரோஃபேரட் இறங்கும், ஈஎஸ்ஆர் எனும் உள்மின்தடை ஏறும். குளிரில் மிச்சமுள்ள திரவத்தில் அயனிகள் நகரத் திணறுவதால் ஈஎஸ்ஆர் மேலும் எகிறும். புது கெபாசிட்டருக்கு 9 டிகிரியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பாதி வற்றியதற்கு அதுதான் கடைசித் தள்ளு. கொஞ்சம் சூடு காட்டினால் ஈஎஸ்ஆர் இறங்கி சர்க்யூட் பிடித்துக்கொள்கிறது. உங்கள் ஹேர் டிரையரே நோயைச் சொல்லிவிட்டது.

ஒன்றாவது மெஷினில் சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை பகுதி. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது ஃபேன் சுற்றாது, காற்றும் இல்லை. ஆபீஸ் மெஷின் வருடத்துக்கு 2,700 மணி நேரம் ஓடினால், ஸ்டாண்ட்பை மட்டும் 8,760 மணி நேரம் ஓடியிருக்கும். அதில் கன்ட்ரோல் ஐசி எனும் சிப்புக்கு ஊட்டம் கொடுக்கும் ஒரு குட்டி கெபாசிட்டர், பெரும்பாலும் 22 அல்லது 47 மைக்ரோஃபேரட், 50 வோல்ட், சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க் ஓரத்தில் ஒளிந்திருக்கும். முதலில் சாவது அதுதான். பெரிய டப்பிகள் போல உப்பியும் காட்டாது. பார்க்கப் புதுசாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய மலிவு எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் ஸ்டாண்ட்பைக்கு ஐசி இருக்காது, இரண்டு டிரான்சிஸ்டரில் ஓட்டியிருப்பார்கள். அந்த வகையில் இந்தக் குட்டி கெபாசிட்டர் வற்றினால் 5 வோல்ட் கட்டுப்பாடில்லாமல் எகிறி மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஆகவே ஏழெட்டு தடவை அமுக்குவதை இன்றோடு நிறுத்துங்கள்.

அளந்து பாருங்கள். காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போதே, மதர்போர்டில் செருகிய 24 பின் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக முள்ளைச் செருகி:

ஊதா ஒயர்: 4.75 முதல் 5.25 வோல்ட். பட்டன் அமுக்குவதற்கு முன்பே இருக்க வேண்டும், ஆடக்கூடாது.
ஆன் ஆன பிறகு மஞ்சள்: 11.4 முதல் 12.6. சிவப்பு: 4.75 முதல் 5.25. ஆரஞ்சு: 3.14 முதல் 3.46.
சாம்பல் ஒயர்: ஆன் ஆகி அரை விநாடிக்குள் 5 வோல்ட்டை ஒட்டி ஏறி நிற்க வேண்டும். ஏறி ஏறி இறங்கினால் மதர்போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது மெஷினுக்கு மூடியைக் கழற்றி, பிராசஸரைச் சுற்றியும் ராம் பக்கத்திலும் உள்ள கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். மேலே உள்ள வெட்டுக்கோடு விம்மியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, அடி ரப்பர் வெளியே தள்ளி டப்பி சாய்ந்திருந்தாலோ முடிந்தது.

ரோஸின்வாசம்:

மூன்றாவது மெஷினைப் பத்தி யாரும் பேசலையே. அதுக்கு ஈரம்தான் வில்லன். கூடவே டீத்தூள்.

காய்ச்ச டீயில 3 சதவீதம் ஈரம்தான் இருக்கும். காத்துல விட்டா உறிஞ்ச ஆரம்பிச்சிடும். பேக்கிங் பண்றவங்க பையை உடனே ஏன் கட்டுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதே தூள்தான் சல்லடைப் பக்கத்திலிருந்து பறந்து ஃபேன் வழியா போர்டு மேல படியுது. சாதாரணத் தூசி போர்வை மாதிரி, சூட்டைத்தான் தடுக்கும். இது ஈரத்துணி மாதிரி. மெல்லிசா தண்ணி பிடிச்சு வச்சுக்கும்.

காலையில என்ன நடக்குதுன்னு பாருங்க. ராத்திரி முழுக்க போர்டு 10 டிகிரியில கிடக்கு. ஆள் வர்றாங்க, கெட்டில் கொதிக்குது, ஹீட்டர் போடுறாங்க. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வைங்க. அந்தக் காத்து 16 டிகிரிக்குக் கீழ இருக்கிற எது மேல பட்டாலும் பனி பிடிக்கும். மூக்குக்கண்ணாடியில படியறது அப்படியே போர்டுலயும் படியுது. அந்த ஈரப்படலத்துல மின்னழுத்தம் இருந்தா தாமிரமும் ஈயமும் கரைஞ்சு நெகட்டிவ் பக்கத்துல பெரணி இலை மாதிரி கிளை விட்டு வளரும். ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாத ஐசி கால்களுக்கு நடுவுல அது பாலம் போட்டா போதும். மின்னழுத்தம் எப்ப இருக்குன்னா, மீட்டர்முள் சொன்ன அதே ஸ்டாண்ட்பை 5 வோல்ட், அப்புறம் தேதி, நேரத்தைக் காப்பாத்துற சிமாஸ் பேட்டரியோட 3 வோல்ட். ராத்திரி பிளக்ல கரன்ட் விட்டு வச்ச மெஷின்ல குளிர், ஈரம், மின்னழுத்தம் மூணும் ஒண்ணா சேருது.

தானா ஆன் ஆகுதுன்னா முதல்ல முன்பக்க பவர் பட்டனோட ரெண்டு ஒயரை போர்டுலயிருந்து கழட்டி வைங்க. ஆன் பண்ண அந்த ரெண்டு பின்னை ஸ்க்ரூடிரைவரால ஒரு நொடி தொட்டா போதும். ஒயர் கழட்டின பிறகு தானா ஆன் ஆகலேன்னா பட்டனுக்குள்ளதான் ஈரமும் துருவும். அப்பவும் ஆச்சுன்னா கசிவு போர்டுல.

சுத்தம் பண்ணும்போது மெயின் பிளக் பிடுங்கி, சிமாஸ் பேட்டரி, ராம், கார்டு எல்லாத்தையும் கழட்டுங்க. முதல்ல காய்ஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால தூளை எடுங்க. ப்ளோயர் அடிச்சா ஃபேனைக் கையால பிடிச்சுக்கணும், இல்லேன்னா சுத்திச் சுத்தி பேரிங் போகும். அப்புறம் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மென்மையான டூத் பிரஷ். ஹேண்ட் சானிடைசர் வேண்டாம், அதுல தண்ணியும் பிசினும் இருக்கு. யூஎஸ்பி, ராம் ஸ்லாட், பெரிய ஐசி ஓரம், பேட்டரி ஹோல்டர் கீழ, நாலும் முக்கியம். வெள்ளையா பூத்திருக்கிறது போயிடும். பச்சையா இருந்தா தாமிரத்தையே அரிச்சிருக்கு. அந்த பின்ல இணைப்பு அறுந்திருக்கான்னு மல்டிமீட்டர்ல பீப் வச்சுப் பாருங்க.

காய வைக்க ஃபேக்டரி டிரையர் வாய்ல வைக்கலாமான்னு யோசனை வரும். வேண்டாம் சாமி, அங்க 100 டிகிரியைத் தொடும். அட்டைப் பெட்டிக்குள்ள 60 வாட் குண்டு பல்பு, ஒரு சாண் தள்ளி போர்டு, 45 டிகிரி, ஆறு மணி நேரம். பல்பு அட்டையில படாம தொங்கணும், பக்கத்துல ஆள் இருக்கணும்.

ராம் கால்களை அழிரப்பரால தேய்க்கிற வழக்கம் உண்டு. அந்தத் தங்கப்பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. வருஷா வருஷம் தேய்ச்சா கீழ இருக்கிற நிக்கல் வெளிய வந்து இன்னும் சீக்கிரம் கறுக்கும். ஆல்கஹால் நனைச்ச துணியே போதும்.

தேதிக்கு சிஆர்2032 பேட்டரி மாத்துங்க. மாத்தியும் கடிகாரம் பின்தங்குதுன்னா பக்கத்துல இருக்கிற சின்ன உருளை கிரிஸ்டல், 32.768 கிலோஹெர்ட்ஸ், அதோட கால்களைச் சுத்தி ஆல்கஹாலால துடைங்க. அங்க துளி ஈரக்கசிவு இருந்தாலே ஓட்டம் தடுமாறும்.

கொழுந்து22:

இரண்டு பேருக்கும் நன்றி. இன்று காலை 7.50க்கு, அறை 11 டிகிரியில் அளந்தது.

ஒன்று: ஊதா 3.9க்கும் 4.4க்கும் நடுவே ஆடுகிறது. காதை வைத்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் "டிக் டிக்" சத்தம். டிரையர் காட்டியதும் 5.06இல் நின்றுவிட்டது.
இரண்டு: எல்லா வோல்டேஜும் சரி. ராம் பக்கம் மூன்று கெபாசிட்டர் தலை விம்மியிருக்கிறது, 1000 மைக்ரோஃபேரட் 6.3 வோல்ட். பிராசஸர் பக்கம் ஒன்று லேசாக, 1500 மைக்ரோஃபேரட் 6.3 வோல்ட்.
மூன்று: பேட்டரி 2.3 வோல்ட். பட்டன் ஒயரைக் கழற்றியதிலிருந்து இரண்டு நாளாகத் தானாக ஆன் ஆகவில்லை. யூஎஸ்பி பின்களில் பச்சை.

கெபாசிட்டர் மாற்றும்போது எதெல்லாம் கவனிக்க வேண்டும்? ராத்திரி மெஷினை ஆனிலேயே விட்டால் சூடாக இருக்குமே, அது நல்லதா?

மீட்டர்முள்:

டிக் டிக் என்பது ஐசி எழுந்து, ஊட்டம் போதாமல் விழுந்து, மறுபடி எழும் சத்தம். குட்டி கெபாசிட்டர்தான். ஐசி இருக்கும் வகை என்பதும் இதிலிருந்து தெரிகிறது, மதர்போர்டுக்கு ஆபத்து குறைவு. ஸ்டாண்ட்பை வெளியீட்டில் இருக்கும் 1000 அல்லது 2200 மைக்ரோஃபேரட் 10 வோல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்றுக்காகத் திறந்துவிட்டு மற்றதை விடுவது வீண்வேலை.

எஸ்எம்பிஎஸ் திறக்கும் முன்: பிளக் பிடுங்கினாலும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். இரண்டு டப்பி இருந்தால் ஒவ்வொன்றிலும் 160ஐ ஒட்டி. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, செய்யாதீர்கள். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரின் கால்களில் ஒயர் வைத்துச் சுற்றி, அரை நிமிடம் பிடித்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

வாங்கும்போது மைக்ரோஃபேரட் அதே, வோல்ட் அதே அல்லது ஒருபடி மேல், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர். வெறும் "1000 மைக்ரோ 10 வோல்ட்" என்று கேட்டால் 85 டிகிரி சாதா வகையைத் தருவார்கள். ரேடியோவுக்கு அது போதும், ஸ்விட்சிங் சர்க்யூட்டில் சில மாதத்தில் வற்றும். கடையில் வருடக்கணக்கில் கிடந்த பழைய ஸ்டாக்கும் வேண்டாம். டப்பியின் குறுக்களவையும் அளந்துகொண்டு போங்கள். 8 மில்லிமீட்டருக்குக் கால் இடைவெளி 3.5, 10 மில்லிமீட்டருக்கு 5. கோயம்புத்தூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து தபாலில் வரவழைக்கலாம்.

மதர்போர்டில் உள்ள நான்குக்கும் பாலிமர் வகை போடலாம். உள்ளே திரவம் இல்லை, வற்றும் பேச்சுக்கு இடமில்லை, குளிரிலும் ஈஎஸ்ஆர் அசையாது. பிராசஸர் பக்கம் 1500க்குப் பதில் 820 மைக்ரோஃபேரட் பாலிமர் போதும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மட்டும் பாலிமர் மாற்றாதீர்கள். சில வடிவமைப்பு குறிப்பிட்ட அளவு ஈஎஸ்ஆரை நம்பியே நிலையாக ஓடுகிறது.

கழற்றுவதுதான் சிரமம். அந்தக் கால்கள் போர்டின் உள் தாமிர அடுக்கோடு இணைந்திருப்பதால் அயர்னின் சூட்டை உறிஞ்சிவிடும். போர்டிலுள்ள ஈயமில்லா சால்டர் 217 டிகிரிக்கு மேலேதான் உருகும். முதலில் ஒவ்வொரு காலிலும் சால்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் கலந்த 63/37 சால்டர் கொஞ்சம் சேர்த்துவிடுங்கள், உருகுநிலை இறங்கும். உளி முனை டிப் போட்டு, ஒரு காலைச் சூடாக்கி டப்பியை மெதுவாகச் சாய்த்து, மறு காலுக்கு மாறி, இப்படி ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். பலமாக இழுத்தால் துளையின் உள்பூச்சு கூடவே வரும், அத்தோடு போர்டு காலி. டப்பியில் வெள்ளை அல்லது சாம்பல் பட்டை இருக்கும் பக்கம் நெகட்டிவ். போர்டில் அச்சடித்த குறியை நம்பாதீர்கள், சில போர்டில் நிழலிட்ட பாதி பாசிட்டிவ். கழற்றும் முன் போட்டோ எடுங்கள். மாறிப் போட்டால் வெடிக்கும்.

குன்னூர்_பெஞ்ச்:

மேலே சொன்னதில் விட்டுப்போனது சீரிஸ் லாம்ப். எஸ்எம்பிஎஸ் வேலை முடிந்ததும் நேராக பிளக்கில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஆன் செய்யுங்கள், மதர்போர்டு இணைக்காமல். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட்.

திறந்த கையோடு ஃபியூஸ் பக்கத்தில் நீலமோ மஞ்சளோ வட்டத் தகடு மாதிரி இருக்கும், திடீர் மின்னழுத்த எகிறலை (சர்ஜ்) தாங்கிக்கொள்ளும் எம்ஓவியையும் பாருங்கள். ஏப்ரல், மே இடியிலும் அக்டோபர் இடியிலும் அடி வாங்குவது அதுதான். ஒவ்வொரு சர்ஜுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், பிறகு சும்மா இருக்கும்போதே கசிந்து சூடாகும். கறுத்திருந்தால், விரிசல் இருந்தால் அதே நம்பர் போடுங்கள். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடம் காலியாகவே இருப்பதும் உண்டு!

மூன்றாவது மெஷினின் எடை மேடை கேபிளைத்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மேடை வெளிக்கொட்டகையில், கம்ப்யூட்டர் ஆபீஸில். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு என்றால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே ஏறும் வோல்டேஜ் அந்தக் கேபிள் வழியாகத்தான் ஓடும். மலையில் பாறை மேல் சன்னமான மண், எர்த் குழியும் லேசில் அமையாது. சீரியல் போர்ட்டில் ஆப்டோ ஐசொலேட்டர் ஒன்றைச் செருகுங்கள், இரு பக்கமும் ஒளியால்தான் பேசிக்கொள்ளும். வேலை நேரத்தில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள், 2, 3 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்திங்கைச் சரிபார்க்க வேண்டும்.

ஊட்டிக்காரர்கள் யாராவது படித்தால் ஒரு விஷயம். சில அடாப்டர், எஸ்எம்பிஎஸ் லேபிளில் 2000 மீட்டருக்குக் கீழே மட்டும் என்று சீன எழுத்தில் குறித்திருக்கும். காற்று மெலிந்தால் மின்பொறி தாண்டுவது எளிது, அதற்குரிய இடைவெளி விட்டுச் செய்ததில்லை என்று பொருள். ஊட்டி 2,240 மீட்டர். உடனே வெடித்துவிடாது, ஆனால் ஈரத்தூசி படிந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அங்கே கையிருப்பு குறைவு. ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை, வழக்கமான வரம்பு 3,048 மீட்டர். குளிரில்தான் 5 டிகிரிக்குக் கீழே சில டிஸ்க்குகளை ஓட்டக் கூடாது. வேலை தொடங்கும் முன் மூன்று டிஸ்க்கையும் காப்பி எடுத்துவிடுங்கள்.

ரோஸின்வாசம்:

ராத்திரி ஆன்ல விடற கேள்விக்கு: முழுசா ஓட விட்டா போர்டு சூடா இருக்கும், பனி பிடிக்காது, அது வாஸ்தவம். ஆனா ஃபேன் ராத்திரி முழுக்க டீத்தூள் இழுக்கும், கரன்ட் பில்லும் இருக்கு. என்னைக் கேட்டா சாயங்காலம் ஷட்டவுன் பண்ணி சுவர் சுவிட்சையும் அணைச்சிடுங்க. ரெண்டும் இல்லாம ஷட்டவுன் மட்டும் பண்ணி சுவிட்சை விட்டு வைக்கிறதுதான் மோசம். ஸ்டாண்ட்பையும் தேயும், ஈரத்துல மின்னழுத்தமும் நிக்கும்.

மீட்டர்முள்:

அதில் ஒரு செலவு உண்டு. சுவர் சுவிட்சை அணைத்தால் கடிகாரம் சிமாஸ் பேட்டரியில் ஓடும், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். எஸ்எம்பிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் அந்தக் காசு ஒன்றுமில்லை. இன்னொன்று, மழைக்காலத்தில் காலை ஹீட்டரும் கெட்டிலும் போட்ட உடனே கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல், அறையும் பெட்டியும் ஒரே சூட்டுக்கு வர அரை மணி நேரம் விடுங்கள்.

கொழுந்து22:

சரி. துணி பீரோவில் பூசணம் பிடிக்காமல் இருக்க பல்பு போடுவது போல கம்ப்யூட்டர் வைத்த மரப்பெட்டிக்குள் ராத்திரி ஒரு பல்பு போடலாமா?

குன்னூர்_பெஞ்ச்:

போடலாம், 15 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி போட்டால் சூடு வராது. பெட்டிக்குள் அடிப்பக்கம் வைக்க வேண்டும், சூடு மேலே ஏறும். மரத்திலும் ஒயரிலும் நாலு விரல் தள்ளி, கம்பிக்கூடு போட்டு. பெட்டியின் மேல் ஓரத்தில் விரல் அகலத்துக்குத் திறப்பு விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் வெளியே போக வழியில்லை. காலையில் பல்பை அணைத்துவிட்டு, பெட்டிக் கதவைத் திறந்த பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். அந்தத் திறப்பில் மெல்லிய பஞ்சு வலை ஒன்று ஒட்டி, டீத்தூள் அடைத்தால் வாரம் ஒருமுறை உதறுங்கள்.